கயித்தானுக்கு நான் மருந்து வைக்கவில்லை

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஆடி மாதத்தில், பட்டப்பகலில், என் தெருக்காரர்களே என்னைக் கொல்ல வந்தார்கள். அன்றைக்கு நான் சாகவில்லை. எப்படிச் சாகாமல் இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

மாதா சபைச் சகோதரிகளே, என் பெயர் சலேத்தம்மாள். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். தூத்துக்குடிக் கடற்கரையில், தோணிகளை இழுத்து ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில், ஓலைக் கொட்டகை போட்டுக் கஞ்சி விற்கிறவள். என் புருஷன் தோணியில் கொழும்புக்குப் போனவர், திரும்பி வரவில்லை. தோணியும் வரவில்லை. பிள்ளை இல்லை. கூடப் பிறந்த அண்ணன் கொழும்பில் இருக்கிறான். இங்கே எனக்கென்று அடுப்பும் பானையும்தான். அதைச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. எனக்காக ஒரு ஆண்பிள்ளை குரல் கொடுக்க இருந்திருந்தால் அவர்கள் அவ்வளவு எளிதாக என்னைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

கயித்தான் சங்கு குளிக்கிறவன். என்னைவிட இளையவன், என்னை அக்கா என்று கூப்பிடுவான். அவனைப் போல மூச்சடக்கிக் கிடக்கிறவர்கள் இந்தக் கரையில் அப்போது அதிகம் இல்லை. சங்கு குளிக்கிறவர்கள் வயிற்றில் ஒன்றும் இல்லாமல்தான் கடலில் இறங்குவார்கள். வயிறு நிறைந்திருந்தால் அடியில் போய் மூச்சுப் பிடிக்க முடியாது. விடிந்ததிலிருந்து வெறும் வயிறு, வாயில் புகையிலை. கரைக்கு வந்ததும் உடம்பு நடுக்கம் போகச் சாராயம். அதற்குப் பிறகுதான் சோறு. அதுவும் நாக்கு எரிகிற மாதிரி மிளகாய் அரைத்து வைத்த மீன் குழம்போடு. கயித்தான் பல வருஷம் இப்படித்தான் இருந்தான். மற்றவர்களும் இப்படித்தான் இருந்தார்கள்.

அந்த வருஷம் மாசி மாதத்திலேயே அவனுக்கு வயிற்றில் வலி தொடங்கியது. நெஞ்சுக் குழிக்குக் கீழே, கைவிரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில். வலி வந்தால் மனிதன் அப்படியே மடங்கி மணலில் உட்கார்ந்துவிடுவான். என் கொட்டகைக்கு வந்து, "அக்கா, ஒரு செம்பு கஞ்சி ஊத்துங்க. உள்ள நெருப்பு வச்ச மாதிரி எரியுது" என்பான். நான் உளுந்தங்கஞ்சி காய்ச்சுவேன். தேங்காய்ப்பால் ஊற்றி, ஆறவைத்துக் கொடுப்பேன். குடித்துக் கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். அதனால் வலிக்கிறபோதெல்லாம் வந்தான். காலையில் வந்தான், மத்தியானம் வந்தான், பொழுது சாய்கிறபோதும் வந்தான்.

ஊர் பார்க்காமல் இருக்குமா?

அவன் பெஞ்சாதி பிலோமி ஒரு நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். என்னோடு கோயிலுக்கு வருகிறவள், என் பானையைக் கடன் வாங்கிப் பொங்கினவள்.

"என்னளா, என் புருசனுக்கு வீட்டுச் சோறு எறங்க மாட்டேங்கு. ஒன் கஞ்சி மட்டும் எறங்குதோ?" என்றாள்.

"வயித்துவலிக்காரரு, பிலோமி. காரம் தாங்க மாட்டேங்காரு. நீயும் கஞ்சி வச்சுக் குடு" என்றேன்.

"எங்கிட்ட இல்லாதது ஒங்கஞ்சியில என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி தெருவெல்லாம் சுற்றியது. நான் அவனுக்கு மருந்து வைத்துவிட்டேன் என்றார்கள். நம் பக்கத்தில் இப்படிச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். வசியத்துக்கு எதையோ சோற்றில் கலந்து கொடுப்பது, அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைத் தின்பது, கொடுத்தவளைத் தேடி அவனை ஓடவைப்பது. கயித்தான் மெலிந்துகொண்டே போனான். காப்பிப் பொடியைக் கரைத்த மாதிரி வாந்தி எடுத்தான். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதென்று பிலோமி கிணற்றடியில் சொல்லி அழுதாள். இன்றைக்கு அது உள்ளே ரத்தம் கசிந்ததற்கு அடையாளம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எல்லாரும் என் பக்கம் கையை நீட்டினார்கள்.

நான் வீட்டுக்குள் முழந்தாளிட்டு அழுதேன். மாதாவே, என் வாய்க்கு யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை, உம்முடைய வாயால் நீர் சொல்லும் என்று மன்றாடினேன். பதில் வரவில்லை. வந்தது தொம்மைதான்.

தொம்மை, கயித்தானுக்கு மூத்தவன். தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவன். பெரிய உடம்பு, சின்னப் பொறுமை. ஆடிக் காற்றில் தோணி ஓடாது, சங்கும் குளிக்க முடியாது. ஆண்கள் எல்லாரும் கரையில் சும்மா கிடந்தார்கள். சாராயக் கடையில் நாள் போனது. தொம்மை எங்கேயோ வடக்கே போய், வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிறவன் ஒருவனைக் கூட்டிவந்தான்.

அன்று காலையில் நான் கஞ்சிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தேன். கொட்டகை ஓலையைப் பிய்த்துக்கொண்டு தெரு ஆட்கள் உள்ளே வந்தார்கள். தொம்மை முன்னால் வந்தான்.

"ஏளா, என் தம்பிக்கு என்னத்தப் போட்டுக் குடுத்த?"

"கஞ்சிதான் அண்ணே குடுத்தேன். மாதா சாட்சியா கஞ்சிதான்."

"மாதா பேரச் சொல்லுத வாயைப் பாரு" என்று சொல்லி முகத்தில் அறைந்தான். எனக்குக் காது அடைத்துப்போனது. இரண்டாவது அறையில் பல் ஒன்று நாக்கின் மேல் விழுந்தது. யாரோ பானையை உதைத்தார்கள். கொதிக்கிற கஞ்சி என் இரண்டு பாதத்திலும் கொட்டியது. தோல் வழுக்கிக்கொண்டு போவதை நானே பார்த்தேன். நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். என் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

தலைமயிரைப் பிடித்து மணலில் இழுத்துக்கொண்டு போனார்கள். உப்பு மணலும் சிப்பியும் முதுகைக் கிழித்தன. வழியில் பெண்கள் நின்றார்கள். என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்த பெண்கள். ஒருத்தி என் மேல் துப்பினாள். நான் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தேன். தொம்மை அந்தக் கையின் மேல் மிதித்தான். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது என் இடது முழங்கை.

கயித்தான் வீட்டு முற்றத்தில் பந்தல் கம்பம் இருந்தது. அதில் என்னை நங்கூரக் கயிற்றால் கட்டினார்கள். ஒடிந்த கையையும் சேர்த்துக் கட்டினார்கள். எனக்கு எதிரே கயித்தானைப் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். விலா எலும்பெல்லாம் எண்ணலாம் போல இருந்தான். என்னைப் பார்த்ததும், "அக்காவை விடுங்கலே. அவங்க ஒண்ணுஞ் செய்யல" என்றான். குரலே எழும்பவில்லை.

"பாத்தியா, மருந்து பேசுது" என்றான் தொம்மை.

மருந்தெடுக்கிறவன் உப்புத் தண்ணீரில் ஏதோ பச்சிலைச் சாற்றைக் கலந்து, செம்பு செம்பாகக் கயித்தான் வாயில் ஊற்றினான். அவன் வேண்டாம் என்று பல்லைக் கடித்தபோது, இரண்டு பேர் தாடையைப் பிடித்துத் திறந்தார்கள். குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தான். கறுப்பு வந்தது, பிறகு சிவப்பு வந்தது. அது போதாதென்று அந்த ஆள் கயித்தானை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் முழங்காலை ஊன்றிப் பிசைந்தான். கயித்தான் மாடு மாதிரி அலறினான். மருந்தெடுக்கிறவன் குனிந்து அவன் வாயருகே கையைக் கொண்டுபோய், மயிர் உருண்டை ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினான்.

"இந்தா இருக்கு மருந்து. இனி ஆளு பொழைச்சிட்டான்" என்றான்.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. கல் வந்து நெற்றியில் பட்டது. ரத்தம் கண்ணில் இறங்கியது. அந்தச் சமயத்தில்தான் கயித்தான் அந்தச் சத்தம் போட்டான்.

அதற்கு முன்னால் அலறினது வேறு. இது வேறு. கத்தியால் குத்து வாங்கினவன் போடுகிற சத்தம். உடம்பு ஒரே துள்ளலாகத் துள்ளி, முழங்கால் இரண்டும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. பிறகு அசையவில்லை. அசைந்தால் செத்துவிடுவோம் என்கிற மாதிரி, மூச்சைக்கூட மேலோட்டமாக விட்டுக்கொண்டு கிடந்தான். வேர்த்து ஊற்றியது. முகம் சாம்பல் பூசினது போல ஆனது. பிலோமி ஓடிவந்து வயிற்றில் கை வைத்தாள். உடனே கையை எடுத்தாள்.

"வயிறு பலக மாதிரி இருக்கே" என்றாள். "தொட முடியல. கல்லு மாதிரி இருக்கே."

மருந்தெடுக்கிறவன் தன் பையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தான். அதற்குப் பிறகு இந்த ஊரில் அவனை யாரும் பார்க்கவில்லை.

தொம்மை வீட்டுக்குள் போய், சுறா அறுக்கிற கத்தியோடு வெளியே வந்தான். என் கழுத்துப் பக்கம் குனிந்து, அமைதியாகச் சொன்னான். "அவன் உசிரு போற நேரத்துல ஒன் உசிரும் போவும். தெரிஞ்சிக்க."

கூச்சல் போட்டிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

சகோதரிகளே, நான் படித்தவள் இல்லை. பெரிய செபங்கள் எனக்கு வராது. கட்டுண்டு நின்ற இடத்தில், மாதாவே, கயித்தானைக் காப்பாற்றும் என்று மட்டும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். வாயில் பல் போன இடத்திலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்ததால் சொல் சரியாக வரவில்லை. மாதாவுக்கு விளங்கும் என்று சொன்னேன்.

தெருவின் முனையில் லாரிச் சத்தம் கேட்டது. கரியில் ஓடுகிற பழைய லாரி, உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை ஏற்றிப் போவது. எப்போதும் பெரிய ரோட்டு வழியாகப் போகிற லாரி அது. அன்று ரோட்டில் ஏதோ மரம் சாய்ந்து கிடந்ததாம், எங்கள் தெரு வழியாக வந்தது. கூட்டம் வழியை மறித்திருந்ததால் நின்றது. ஓட்டினவர் பனங்காட்டுப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். நெற்றியில் திருநீறு. இறங்கி வந்தவர் என்னைப் பார்த்தார், பாயில் கிடந்தவனைப் பார்த்தார், தொம்மையின் கையில் இருந்த கத்தியையும் பார்த்தார்.

"ஏலே, என்னலே இது? அந்தப் பொம்பளைய அவுத்து விடு."

"நீ ஒன் சோலியப் பாத்துட்டுப் போ அண்ணாச்சி. இவ என் தம்பியக் கொன்னவ."

"கொன்னாளா? அவன் மூச்சு விடுதானே" என்றார் அண்ணாச்சி. "மூச்சு விடுத ஆளப் போட்டுட்டு இங்கன என்ன பஞ்சாயத்து? வண்டியில தூக்குங்கலே. ஆஸ்பத்திரிக்கிப் போவோம்."

"ஆஸ்பத்திரியில வயித்தக் கிழிச்சிக் கொன்னுப்போடுவான்" என்றான் தொம்மை.

பிலோமி எழுந்தாள். அதுவரைக்கும் அவள் தொம்மையை எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. "தூக்குங்க" என்றாள். "நான் பொண்டாட்டி சொல்லுதேன். தூக்குங்க."

தூக்கினார்கள். தொம்மை என்னைக் கம்பத்திலிருந்து அவிழ்த்தான். ஆனால் கைக்கட்டை அவிழ்க்கவில்லை. "இவளும் வரட்டும். அவன் செத்தா அங்கனயே இவ கதைய முடிக்கேன்" என்று என்னை அப்படியே தூக்கி லாரியில் உப்பு மூட்டைகளின் மேல் போட்டான்.

வெந்த பாதத்திலும் கிழிந்த முதுகிலும் உப்பு ஏறியது. அந்த வேதனையை என்னால் சொல்ல முடியாது. நினைவு தப்பக்கூடாது, தப்பினால் செபம் நின்றுபோகும் என்று நினைத்தேன். செபமாலையை மனப்பாடமாக, சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். கையில் மணி இல்லை, எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரியவில்லை. அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்வேன், மூச்சு வாங்க நிற்பேன். மறுபாதியைக் கூட இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும், அப்படி ஆள் இல்லாமல் நானே அதையும் சொல்வேன்.

லாரி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கயித்தான் முனகினான். நான் அடுத்த மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினேன். மறுபாதியைப் பிலோமி சொன்னாள்.

புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், எங்கள் மரண நேரத்திலேயும் வேண்டிக்கொள்ளும் என்று முடித்தாள். நான் அடுத்ததைத் தொடங்கினேன். அவள் முடித்தாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அப்படியே போனோம். தொம்மை கத்தியைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் அன்று புதிதாக ஒரு டாக்டர் இருந்தார். யுத்தத்துக்குப் போய், பர்மாப் பக்கம் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் குண்டடிபட்ட வயிறுகளைத் தைத்தவர் என்று பின்னால் தெரிந்தது. அந்த வாரம்தான் வேலையில் சேர்ந்திருக்கிறார். கயித்தான் வயிற்றை ஒரே ஒரு தடவை தொட்டார்.

"இரைப்பையில ஓட்டை விழுந்திருக்கு. உள்ள இருக்கிறதெல்லாம் வயித்துக்குள்ள கொட்டிக்கிட்டிருக்கு. உடனே அறுத்துத் தைக்கணும். பொழுது சாயட்டும்னு பார்த்தா ஆள் இருக்க மாட்டான்" என்றார்.

தொம்மை கதவை மறித்துக்கொண்டு நின்றான். "என் தம்பிய அறுக்க விட மாட்டேன்."

"நீங்க அறுங்க டாக்டர்" என்றாள் பிலோமி.

தொம்மை அவளை ஓங்கி அறைந்தான். அவள் சுவரில் மோதி விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே, "அறுங்க" என்றாள். ஆஸ்பத்திரி ஆட்கள் நாலைந்து பேர் தொம்மை மேல் விழுந்தார்கள். ஒருவனுக்குத் தோளில் கத்தி கிழித்துவிட்டது. டிரைவர் அண்ணாச்சி தொம்மையின் கையை முறுக்கிக் கத்தியைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். அந்த அமளிக்குள் கயித்தானை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஒரு நர்ஸ் என் கைக்கட்டை அறுத்தாள். பாதத்தைக் கழுவி மருந்து போட்டாள். ஒடிந்த கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். "யார் இப்படி அடிச்சது? சொல்லு, போலீசுக்கு ஆள் அனுப்புறேன்" என்றாள்.

"அவரைத் தைச்சு முடிக்கட்டும்மா. பெறவு சொல்லுதேன்" என்றேன்.

பின்வாசல் திறந்துதான் இருந்தது. நான் போயிருக்கலாம். அண்ணாச்சியும் அதைத்தான் சொன்னார். "போயிரு தாயி, வண்டியில ஒளிச்சிக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். எங்கே போவேன்? ஓடினால் நான்தான் செய்தேன் என்று ஆகிவிடும். நான் அறுவை அறைக்கு வெளியே தரையில் முழந்தாளிட்டேன். பாதத்தில் கட்டு இருந்ததால் முழந்தாளிடுவதும் வேதனைதான். எனக்கு எதிரே சுவரில் சாய்ந்து, கத்தி இல்லாத கையைப் பார்த்துக்கொண்டு தொம்மை உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்றார்கள்.

வெகுநேரம் கழித்து அவன் கேட்டான். "என்ன செபம் சொல்லுத?"

"ஒங்க தம்பி பொழைக்கணும்னு."

"அவனுக்காவவா, ஒன் உசிருக்காவவா?"

"ரெண்டுக்கும் ஒரே செபந்தான் அண்ணே" என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டர் வெளியே வந்தபோது உடுப்பெல்லாம் ரத்தமும் அழுக்குமாக இருந்தது. "மிளகு அளவு ஓட்டை. தைச்சிருக்கேன். வயித்துக்குள்ள செம்பு செம்பா உப்புத் தண்ணியும் பச்சிலையும் கெடந்துது. கழுவி எடுத்திருக்கேன். இனிமே கடவுள் விட்ட வழி" என்றார்.

தொம்மை எழுந்து நின்றான். "மயிரு கெடந்துதா டாக்டர்? மருந்து கெடந்துதா?"

"மயிரும் இல்ல, மருந்தும் இல்ல. புண்ணு இருந்துது. வருஷக்கணக்கான புண்ணு. ஓரமெல்லாம் தடிச்சுப் போயிருக்கு. உன் தம்பி சம்சாரம் எல்லாம் சொன்னாங்க. அவன் வெறும் வயித்தோட கடல்ல இறங்குறவன்தானே? வந்ததும் சாராயம், ஓயாம புகையிலை, எரிகிற குழம்பு. அதுதான் இந்தப் புண்ணை வளர்த்திருக்கு. அந்தப் புண்ணு மேல வாந்தி மருந்தைக் குடுத்து முழங்காலால மிதிச்சா என்ன ஆகும்? கிழிஞ்சிருச்சு."

"அப்ப இவ கஞ்சிக்கு மட்டும் ஏன் ஓடுனான்?"

டாக்டர் அப்போதுதான் என்னைச் சரியாகப் பார்த்தார். எதற்காக என்னைக் கட்டிக் கொண்டுவந்தார்கள் என்பது அவருக்கு அந்த நிமிஷம் விளங்கியது என்று நினைக்கிறேன். தொம்மையிடம் நிதானமாகச் சொன்னார்.

"இந்தப் புண்ணுக்காரனுக்கு வயிறு காலியா இருந்தா வலிக்கும். காரமில்லாம மெதுவா ஏதாவது உள்ள போனா வலி அடங்கும். இந்த அம்மா கஞ்சியில அடங்கியிருக்கு, ஓடியிருக்கான். உங்க வீட்டுல கஞ்சி வச்சுக் குடுத்திருந்தா உங்க வீட்டுக்கு ஓடி வந்திருப்பான். இத்தனை நாள் இவன் உயிரோட இருந்ததுக்கு அந்தக் கஞ்சியும் ஒரு காரணம்."

நான் பல மாதமாகச் சொன்னதை, ஒருவரும் காதில் வாங்காததை, என்னை முன்பின் அறியாத ஒரு மனிதர் என்னைக் கேட்காமலே சொன்னார். நான் மாதாவிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. என் வாய்க்கு மதிப்பில்லை, உம்முடைய வாயால் சொல்லும் என்று கேட்டேன். அவள் தேர்ந்துகொண்ட வாய் அது. தரையில் நெற்றி பட விழுந்து அழுதேன். பிலோமி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கன்னத்திலும் தொம்மையின் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. என் நல்ல கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அதோடு முடியவில்லை. கயித்தானுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. வயிற்றுக்குள் சீழ் கோத்துவிட்டதென்று இன்னொரு தடவை திறந்து வடித்தார்கள். கை நரம்பில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். யுத்தத்தில் வந்த புது மாத்திரை என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பிழைத்தெழுந்தபோது தலைமயிர் பாதி கொட்டி, குழந்தை மாதிரி இருந்தான். முதலில் பாலும் தண்ணீரும் கரண்டி கரண்டியாக. பிறகு பால் மட்டும். பிறகு ஒரு நாள் டாக்டர், "இனி கஞ்சி குடுக்கலாம். குழைய வைக்கணும். உப்பு கொஞ்சம், காரம் கூடாது" என்றார்.

பிலோமி என்னிடம் வந்தாள். "நீயே வச்சுக் குடு, சலேத்தக்கா. எனக்கு அந்தப் பக்குவம் தெரியாது" என்றாள்.

என்னோடு கொட்டகையில் உட்கார்ந்து கற்றுக்கொள் என்றேன். எனக்கு ஒரு கைதான் வேலை செய்தது. அவள் உளுந்தைக் களைந்தாள், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். அவள் ஆற்றினாள், இரண்டு பேரும் சேர்ந்து கொண்டுபோனோம். கயித்தான் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். வலிக்கிறதா என்று கேட்டோம். "இல்ல. வலிக்கல. அதான் அழுவுதேன்" என்றான்.

போலீசு வந்து என்னைக் கேட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். இதைச் சில சகோதரிகள் குறையாகப் பேசினார்கள், மன்னித்தவள் ஏன் சொன்னாய் என்றார்கள். மன்னிக்கச் சொன்ன ஆண்டவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. தொம்மை சில மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபின் ஒரு நாள் என் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றான். நான் அடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "கஞ்சி" என்றான். ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தான். செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். அவனைப் பார்த்தால் இன்றைக்கும் ஓர் அடி பின்னால் நகர்ந்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் மறுபடியும் மன்னிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பலத்தையும் செபத்தில்தான் வாங்கிக்கொள்கிறேன்.

கயித்தான் அதற்குப் பிறகு சங்கு குளிக்கப் போகவில்லை. துறைமுகத்தில் கயிறு பிடிக்கிற வேலையில் இருக்கிறான். சாராயத்தையும் புகையிலையையும் தொடுவதில்லை. நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறான். எப்போதாவது வலி எட்டிப் பார்த்தால் தானே நடந்து டாக்டரிடம் போய்விடுகிறான்.

இந்த வருஷம் பங்குனியில் மேலத் தெருவில் ஒரு பெரியவருக்கு வயிறு வீங்கி வாந்தி நிற்கவில்லை. மலமும் காற்றும் அடைத்துப்போயிருந்தது. வீட்டார் மருமகளைப் பிடித்தார்கள். நீதான் எதையோ வைத்துவிட்டாய் என்று அந்தப் பெண்ணைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். வந்து வாழத் தொடங்கி ஒரு வருஷமும் ஆகாத பெண். செய்தி வந்ததும் நான் கிளம்பினேன். பிலோமி பின்னாலேயே வந்தாள். போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டோம். அடிப்பவர்கள் முதலில் எங்களை அடிக்கட்டும் என்று நின்றோம். ஒருவன் கம்பை ஓங்கிவிட்டான்.

அந்தக் கம்பைப் பின்னாலிருந்து பிடித்தது தொம்மை.

"நான் ஒருத்திய அடிச்சேன்" என்றான் அவர்களிடம். "தப்பான ஆள அடிச்சேன். என்னைப் பாத்துமா நீங்க திருந்தல? பெரியவரத் தூக்குங்கலே."

அவனே பெரியவரைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினான். நாங்கள் வழியெல்லாம் செபித்துக்கொண்டு போனோம். பெரியவர் பிழைக்கவில்லை. குடல் முறுக்கிக் கறுத்துப்போயிருந்ததாம், நாள் கடந்து கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். எங்கள் செபத்துக்கு ஆண்டவர் அன்று அந்த உயிரைக் கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் நடிக்கவும் மாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் மேல் ஒரு கை படவில்லை. அன்று என்னோடு என் வீட்டில் தூங்கினாள். காலையில் எழுந்து, "சாம்பிராணி இருக்கா அத்தை, செபம் சொல்லுவோம்" என்று கேட்டாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது சாப்பிடாமல் இருந்தால் நெஞ்சுக்குழியில் எரிந்தால், மலம் தார் மாதிரிப் போனால், வாந்தியில் கறுப்பு வந்தால், வயிறு பலகை மாதிரி ஆனால், யார் என்ன வைத்தார்கள் என்று தேடாதீர்கள். வாந்தி மருந்தும் பேதி மருந்தும் ஊற்றாதீர்கள், வயிற்றைப் பிசையாதீர்கள். செபமாலையை எடுங்கள், ஆளையும் தூக்குங்கள். வழியிலேயே செபிக்கலாம், நாங்கள் உப்பு மூட்டை மேல் கிடந்து செபித்தோம். முழுசாகச் சொல்ல முடியாவிட்டால் பாதியைச் சொல்லுங்கள். மறுபாதியைச் சொல்ல ஆண்டவர் யாரையாவது உங்கள் பக்கத்தில் உட்கார வைப்பார்.